எப்டாயின் ஏற்றும் நேரம்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படிப்பு முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில், 62 வயதான தென்னை ஏறும் தொழிலாளி ஒருவரை வலிப்போடு தூக்கி வந்தார்கள். எடை சுமார் 50 கிலோ இருக்கும். வலிப்பை நிறுத்தும் லோராசெபம் 1 மி.கி. போட்டோம். நிற்கவில்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு 1 மி.கி. போட்ட பிறகுதான் நின்றது. டாக்டர் கேஸ் ஷீட்டில், வலிப்பு மருந்தான எப்டாயினை ரத்த நரம்பு வழியாக ஏற்ற, 'எப்டாயின் 1 கிராம் ஐ.வி. ஸ்டாட்' என்று எழுதினார். புறங்கையில் டி.என்.எஸ். (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த உப்புநீர்) ஓடிக்கொண்டிருந்தது. அதே லைனில் 10 ஆம்பூலையும் இரண்டு சிரிஞ்சில் எடுத்து நாலு நிமிடத்தில் போட்டு முடித்தேன். அரை மயக்கத்திலும் அவர் "எரியுது" என்று கையை உதறினார். பி.பி. 80-க்கு இறங்கியது. டாக்டர் ஓடி வந்து சரி செய்தார். மறுநாள் கை வீங்கி, விரல்களெல்லாம் கருநீலம். இன்னும் வார்டில்தான் இருக்கிறார். எப்டாயின் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கை நடுங்குகிறது. தவறு என்னுடையதுதானா அக்கா? எப்படிப் போட்டிருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நரம்பியல் ஐ.சி.யூ.வில் பல வருஷம் நின்றவள் நான். இப்போது நாகர்கோவிலில் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குப் புதியது ஒன்றுமில்லை. கை நடுங்குவதும் புதிதில்லை.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மருந்து சரி, அளவு சரி, போட்ட விதம் தவறு. அதை நான் மழுப்பினால் உங்களுக்கு உதவாது. ஆனால் அந்தத் தவறு முழுக்க உங்கள் தலையில் விழ வேண்டியதும் இல்லை. அந்த ஆர்டரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். என்ன மருந்து என்று இருக்கிறது, எவ்வளவு என்று இருக்கிறது. எதில் கலக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் ஏற்ற வேண்டும் என்பது இல்லை. 'ஸ்டாட்' என்ற சொல்தான் இருக்கிறது. உடனே தொடங்கு என்பதுதான் அதற்குப் பொருள். ராத்திரி இரண்டு மணிக்கு, வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டமாக நிற்கும்போது, அது 'சீக்கிரம் முடி' என்றுதான் காதில் விழும்.

ஃபினைடாயின், அதாவது நாம் எப்டாயின் என்று சொல்லும் மருந்து, தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் ஆம்பூலுக்குள் புரோப்பிலீன் கிளைக்கால், ஆல்கஹால் இரண்டையும் சேர்த்து, காரத்தன்மையை ஏற்றிக் கரைத்து வைத்திருக்கிறார்கள். அதன் பி.எச். 12. ரத்தத்துக்கு 7.4. சோப்புத் தண்ணீரைவிடக் காரமான ஒன்றைத்தான் புறங்கையில் இருக்கும் நூல் போன்ற நரம்புக்குள் விடுகிறோம். "எரியுது" என்று அந்த மனிதர் சொன்னது பிதற்றல் இல்லை, அது நமக்கான தகவல். ஃபினைடாயின் போகும்போது நோயாளி எரிகிறது என்றால், உடனே நிறுத்திவிட்டு, நரம்பில் குத்தி வைத்த குழாயான வென்ஃப்ளானைப் பார்க்க வேண்டும்.

இனி டி.என்.எஸ். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் இதே காரியத்தைச் செய்தேன். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் எப்டாயினைக் கலந்து மாட்டிவிட்டு, வேறு கட்டிலுக்குப் போய்விட்டேன். எங்கள் சீனியர் சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர் டியூபைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் கிளாம்பை மூடினார். அப்புறம் என்னைத் தனியே கூட்டிப் போய், ஒரு கண்ணாடிக் குப்பியில் டெக்ஸ்ட்ரோஸ் ஊற்றி, அதில் ஒரு ஆம்பூல் எப்டாயினை விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தெளிவாக இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கஞ்சித் தண்ணி போலக் கலங்கியது. உற்றுப் பார்த்தால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகங்கள் மின்னின. "இதுதான் அவன் நரம்புக்குள்ள போகுது" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் அமிலத்தன்மை உள்ளது. காரம் குறைந்த உடனே ஃபினைடாயின் கரைசலிலிருந்து பிரிந்து படிகமாகிவிடும். டி.என்.எஸ்.ஸிலும் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) கூட ஆகாது. ஃபினைடாயினுக்கு 0.9 சதவீத என்.எஸ்., அதாவது வெறும் உப்புநீர், மட்டும்தான். இப்போது ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் அதே குப்பிச் சோதனையைச் செய்து காட்டுகிறேன். ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

சரி, உங்கள் நோயாளிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ, கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 1000 மி.கி. நம் ஆம்பூலில் 2 மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. ஆக 10 ஆம்பூல், 20 மி.லி. அதை 100 மி.லி. என்.எஸ்.ஸில் கலந்தால் மொத்தம் 120 மி.லி., அதாவது ஒரு மி.லி.க்கு 8 மி.கி.க்குச் சற்று மேல். 5-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் பின்பற்றிய அளவு. பாதுகாப்பு என்று நினைத்து 500 மி.லி. பாட்டிலில் கலக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்லதில்லை. ரொம்ப நீர்த்துப்போனாலும் படிகம் வரும்.

வேகம்தான் உயிர்நாடி. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது. அது எல்லைதான், இலக்கு இல்லை. வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் என்றால் 25 மி.கி. அல்லது அதற்கும் கீழே. குழந்தைகளுக்கு கிலோவுக்கு நிமிடம் 1 முதல் 3 மி.கி., அதுவும் 50-ஐத் தாண்டாமல். உங்கள் நோயாளிக்கு 62 வயது. 25 என்று வைத்தாலே குறைந்தது 40 நிமிடம் ஆகும். நான் என்றால் 50 நிமிடம் எடுத்திருப்பேன். 120 மி.லி.யை 50 நிமிடத்தில் விட நிமிடத்துக்கு 2.4 மி.லி. சாதாரண டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 48 சொட்டு. செட்டின் கவரில் எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், மணிக்கு 144 மி.லி. என்று வைத்துவிடலாம். நீங்கள் நாலு நிமிடத்தில் போட்டது நிமிடத்துக்கு 250 மி.கி. அவருடைய எல்லையைப் போலப் பத்து மடங்கு. பி.பி. இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஃபினைடாயின் இதயத்தின் மின்னோட்டத்தைத் தளர்த்தும், கூட இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் பி.பி.யை இறக்கும். இரண்டும் வேகத்தைப் பொறுத்தவை.

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவர் உயிர் பிழைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன்.

லைனுக்கு வருகிறேன். முழங்கை மடிப்பிலோ முன்கையிலோ தடித்த நரம்பில், ரோஸ் நிற 20 அல்லது பச்சை நிற 18 வென்ஃப்ளான். புறங்கை வேண்டாம். ரத்தம் திரும்ப வருகிறதா என்று பார்த்து, 10 மி.லி. என்.எஸ். விட்டு, வீக்கம் ஏதும் வரவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மருந்து. அந்த லைனில் வேறு எதுவும் ஓடக் கூடாது. லைனில் வைக்கிற ஃபில்டர் கிடைத்தால் வையுங்கள். முடிந்த பிறகு மறுபடி என்.எஸ். விட்டுக் கழுவுங்கள், நரம்பில் எரிச்சல் குறையும். கலந்ததை உடனே தொடங்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. இன்னொன்று, நரம்பு கிடைக்கவில்லை என்று சதையில் போடாதீர்கள். அங்கேயே படிகமாகி உட்கார்ந்துகொள்ளும். வலிப்பும் நிற்காது, சதையும் கெடும்.

போடுவதற்கு முன் ஒரு இ.சி.ஜி. இதயத் துடிப்பு மிகக் குறைவாக இருந்தாலோ, இரண்டாம், மூன்றாம் நிலை ஹார்ட் பிளாக் (இதய மின்னோட்டத் தடை) இருந்தாலோ ஃபினைடாயின் கூடாது. ஏற்றும்போது மானிட்டர் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறு கையில் பி.பி. பாருங்கள். அது இறங்கினால் வேகத்தைக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ரொம்ப இறங்கினாலோ துடிப்பு தாறுமாறானாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் மானிட்டரைக் கழற்ற வேண்டாம். இதற்கெல்லாம் ஒரு ஆள் கட்டில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரவில் ஒரே நர்ஸ் இருபது கட்டிலைப் பார்க்கும் இடத்தில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். "டாக்டர், மருந்து ஏறி முடியும்வரை நான் இங்கே நிற்கணும், வார்டைப் பார்க்க ஒருத்தர் வேணும்" என்று கேளுங்கள். இது சலுகை இல்லை, மருந்தின் ஒரு பகுதி.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் கடிதத்தின் முன் பாதிதான். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. லோராசெபம் 1 மி.கி., பத்து நிமிடம் கழித்து இன்னொரு 1 மி.கி. வேகம் வேண்டிய இடம் அதுதான். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாக நிற்காது என்று எடுத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு 4 மி.கி. லோராசெபத்தை ஒரேயடியாக இரண்டு நிமிடத்தில் கொடுப்பதுதான் முறை. நிற்காவிட்டால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் இன்னொரு முறை. மூச்சு நின்றுவிடும் என்று பயந்து துளித் துளியாகக் கொடுக்கிறோம். ஆனால் மருந்தால் மூச்சு கெடுவதைவிட, நிற்காத வலிப்பால் மூச்சு கெடுவதுதான் அதிகம். ஆக்சிஜனையும், மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழு டோஸ் கொடுக்கலாம். நரம்பு கிடைக்காவிட்டால் 40 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு மிடாசோலம் 10 மி.கி. தொடைச் சதையில் போடலாம். ஃபினைடாயினைப் போலில்லாமல் இது சதையில் நன்றாக உறிஞ்சப்படும். அத்தோடு விரலில் குத்தி சுகர் பார்க்க மறக்காதீர்கள். சுகர் இறங்கி வரும் வலிப்புக்கு எப்டாயின் மருந்தில்லை.

நம் ஊரில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள் இல்லையா. வென்ஃப்ளான் போட்ட கையிலேயே திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தாயை ஒருமுறை பார்த்தேன். லைன் முழுக்க மடங்கிக் கிடந்தது. மருந்து போகவே இல்லை. அந்த அம்மாவைத் திட்டி என்ன பயன்? சாவியை வாங்கி அவர் மடியில் வைத்துவிட்டு, "அம்மா, நீங்க இவன் தலையை ஒருச்சாய்ச்சுப் பிடிங்க" என்று ஒரு வேலை கொடுத்தேன். கையும் விடுபட்டது, அவர் மனசும் கொஞ்சம் அடங்கியது.

உங்கள் நோயாளிக்கு லோராசெபத்திலேயே வலிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு போட்ட எப்டாயின், வலிப்பு திரும்ப வராமல் இருப்பதற்கு. நின்ற வலிப்புக்கு எதற்கு அவசரம்? அந்த நேரத்தில் ஒரு நிமிடம் நிதானித்து என்.எஸ். பாட்டிலைத் தேடி எடுத்திருக்கலாம். வலிப்பு நிற்காமல் ஓடுகிறது என்றால்கூட எல்லை வேகம் வரை போகலாம், தாண்ட முடியாது.

எப்டாயின்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், லோராசெபம் போன்ற மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு லெவெடிரசிடம், ஃபாஸ்ஃபினைடாயின், வால்புரோயேட் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பை நிறுத்தின, பெரிய வித்தியாசம் இல்லை. லெவெடிரசிடம் கிலோவுக்கு 60 மி.கி., அதிகபட்சம் 4500 மி.கி., பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். டெக்ஸ்ட்ரோஸோடும் ஒத்துப்போகும், கையையும் சுடாது. இதயக் கோளாறு உள்ள வயதானவருக்கு, "டாக்டர், இவருக்கு லெவெடிரசிடம் பார்க்கலாமா?" என்று நர்ஸ் கேட்பதில் தவறே இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தொடர் டோஸைக் குறைக்க வேண்டும், அதை நினைவூட்டுங்கள். வால்புரோயேட் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஃபாஸ்ஃபினைடாயின் கைக்கு நல்லது, ஆனால் கணக்கில் கவனம் வேண்டும். அதன் 75 மி.கி. என்பது ஃபினைடாயின் 50 மி.கி.க்குச் சமம். ஆர்டர் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டே போடுங்கள். மானிட்டர் அதற்கும் வேண்டும்.

எப்டாயினை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள். ஏற்கெனவே எப்டாயின் மாத்திரை சாப்பிடுகிறவரா? வீட்டார் கொண்டுவரும் பிளாஸ்டிக் பையில் அட்டை இருக்கும், பிரித்துப் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு முழு லோடிங் டோஸ், அதாவது தொடக்கத்தில் மொத்தமாக ஏற்றும் அளவு, கொடுத்தால் அளவு மீறிவிடும். டாக்டர் குறைத்துக் கொடுப்பார். குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளா? அந்த வலிப்புக்கு எப்டாயின் உதவாது. லோராசெபம்தான், கூடவே குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1). கர்ப்பிணி என்றால் கதையே வேறு. பி.பி. ஏறி வரும் வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட்தான். அது ஃபினைடாயினைவிட மேலானது என்பது 1995-லேயே ஆய்வில் உறுதியான விஷயம். அப்போது முழங்கால் அனிச்சை, சிறுநீர், மூச்சு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு குறைந்தால் கொடுக்க கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உங்கள் மருத்துவமனையிலிருந்து நோயாளியை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவீர்கள். சீட்டில் 'எப்டாயின் கொடுத்தாச்சு' என்று மட்டும் எழுதி அனுப்பிய நோயாளிகளை நான் வாங்கியிருக்கிறேன். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, முடிந்ததா, பாதியா, ஒன்றும் தெரியாது. மறுபடி முழு டோஸ் கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் திண்டாடுவார். வென்ஃப்ளான் ஒட்டிய பிளாஸ்திரியிலேயே மருந்து, மில்லிகிராம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதிவிடுங்கள். களியக்காவிளை நெரிசலில் சீட்டு தொலைந்தாலும் கை தொலையாது. மானிட்டர் இல்லாத ஆம்புலன்ஸில் எப்டாயினை ஓடவிட்டு அனுப்ப வேண்டாம். முடித்துவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் நிறுத்திவிட்டு எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள்.

இனி அந்தக் கை. நீங்கள் விவரிப்பது, ஃபினைடாயின் ஏற்றிய சில மணி நேரத்தில் கை வீங்கி ஊதா நிறக் கையுறை மாட்டியதுபோல ஆகும் நிலைதான் என்று தோன்றுகிறது. வயதானவர்கள், சின்ன நரம்பு, அதிக டோஸ், அதிக வேகம், இவை சேரும்போது வரும். இனி எப்போது பார்த்தாலும் முதலில் மருந்தை நிறுத்துங்கள். அந்த லைனை எடுத்துவிட்டு, கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அந்தக் கையில் பி.பி. கட்டவோ புது ஊசி போடவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. நீலம் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதி வையுங்கள். மணிக்கட்டு நாடியையும் விரல் நுனியில் ரத்தம் திரும்பும் வேகத்தையும் மணிக்கு ஒருமுறை பாருங்கள். வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, மடக்க முடியாமல் போனாலோ, நாடி மங்கினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே சர்ஜன் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சரியாகிவிடும்.

கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இப்போதாவது டாக்டரிடமும் நர்சிங் சூப்பிரண்டிடமும் சொல்லி, இன்றைய தேதி போட்டுப் பின்குறிப்பாக எழுதுங்கள். பழைய தேதியில் எழுத வேண்டாம், முன்பு எழுதியதை அடித்துத் திருத்தவும் வேண்டாம். வீட்டாரிடம் டாக்டரோடு சேர்ந்து நின்று சொல்லுங்கள்: மருந்து வேகமாகப் போய்விட்டது, அதனால்தான் கை இப்படி ஆனது, இப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று. அவர்கள் கோபப்படலாம். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் மரம் ஏறிப் பிழைத்தவர். அந்தக் கை அவருக்குச் சோறு. வலிப்பு அடங்கும்வரை மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். இல்லையென்றால் நீங்கள் நினைவூட்டுங்கள். நாளை டியூட்டிக்குப் போனதும் முதலில் அவர் கட்டிலுக்குப் போங்கள். கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொல்லிப் பாருங்கள். சுண்டுவிரல்வரை தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போன பின் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று அவர் மனைவிக்கும் சொல்லிக்கொடுங்கள். கை என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.